படங்களைத் திறந்தால் நின்றுவிடும் மடிக்கணினி: முதலில் படங்கள், பிறகு பழுது

2017 ஆம் ஆண்டு சின்னம்மா ஒரு பொலித்தீன் பையில் 41 படங்களைக் கொண்டுவந்து தந்தார். 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அல்பங்களிலிருந்து அவசரமாக உருவி எடுத்தவை. வன்னிக்குள் ஊர் ஊராக மாறியபோதும், 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தபோதும், பிறகு செட்டிக்குளத்தில் தறப்பாளுக்குள் இருந்தபோதும் அந்தப் பை அவரோடுதான் இருந்தது.

“தம்பி, இதுகளைக் கொம்பியூட்டரில ஏத்தி வை. பெரியவன்ர படம் வெளிறிக்கொண்டு போகுது” என்றார்.

பெரியவன் அவருடைய மூத்த மகன். 2009 இற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தப் படத்தைத்தான் சின்னம்மா வெயிலிலும் மழையிலும் வீதியோரம் ஏந்திக்கொண்டு நிற்பவர். எல்லாப் படங்களையும் ஸ்கான் செய்து என் மடிக்கணினியில் சேமித்தேன். ஒரு சிடியிலும் எழுதி, மூலப் படங்களுடன் சேர்த்து அவரிடமே கொடுத்தேன்.

அடுத்த வருடம் மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது. சின்னம்மாவின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. படங்கள் நனைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் மற்றப் படத்தோடு கழன்று வந்தது. அதன் பிறகு அந்தப் படங்கள் இருந்த இடம் என் மடிக்கணினி ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பிரதி எடுத்து வைக்காமல் வருடக்கணக்காக அப்படியே விட்டது என் பிழை.

மற்றச் சொந்தக்காரரிடமும் படங்கள் சேகரித்தேன். எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியதும், அவற்றை ஒழுங்குபடுத்தப் புகைப்பட நூலக மென்பொருள் ஒன்றை நிறுவினேன். முகங்களை இனங்கண்டு, ஒரே ஆளின் படங்களை ஒன்றாகச் சேர்த்துத் தரும் வகை. படங்களை உள்ளே எடுக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மடிக்கணினி நின்றது. திரும்பப் போட்டேன். நீலத்திரை வந்தது. மூன்றாம் முறை படம் அப்படியே உறைந்து நின்றது. வேறு எந்த வேலைக்கும் அது ஒரு கரைச்சலும் தரவில்லை. கடிதம் அடிக்கலாம், இணையம் பார்க்கலாம், காணொளியும் ஓடும். படங்களைத் தொட்டால் மட்டும் விழுந்துவிடும்.

இதே முறைப்பாட்டோடு பிறகு பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். நான் கணினி படித்தவன் அல்ல. என் பிழைகளிலிருந்தும், திருத்தத் தெரிந்தவர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கலாம்.

ஏன் படங்களைத் தொட்டால் மட்டும் விழுகிறது?

புகைப்பட நூலக மென்பொருள் கணினிக்குக் கொடுக்கும் வேலை மிகப் பாரமானது. ஒவ்வொரு படத்தையும் வன்தட்டிலிருந்து வாசித்து, விரித்து, சிறுபடம் ஒன்றை உருவாக்கி, முகங்களைத் தேடி, கண்டதைத் தன் தரவுத்தளத்தில் எழுதும். இதையே ஆயிரக்கணக்கான படங்களுக்கு இடைவிடாமல் செய்யும். செயலியின் எல்லாக் கருக்களும், றாம் நினைவகமும், வன்தட்டும், சிலவேளை வரைகலைப் பகுதியும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஓடும்.

வன்தட்டில் படம் சுருக்கப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. திறக்கும்போது அது விரிகிறது. ஏ4 அளவு ஆவணம் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் வண்ணத்தில் ஸ்கான் செய்தால், ஏறத்தாழ 4,960 க்கு 7,016 புள்ளிகள் கிடைக்கும். கோப்பு சில மெகாபைட்டுகளாகத் தெரிந்தாலும், நினைவகத்தில் விரியும்போது 100 மெகாபைட்டைத் தாண்டும். கைத்தொலைபேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் ஒன்று 36 மெகாபைட் வரை பிடிக்கும். நான்கு, எட்டுப் படங்களை ஒன்றாகத் திறக்கும் மென்பொருள், 4 ஜிகாபைட் றாம் உள்ள பழைய மடிக்கணினியில் எப்படித் திணறும் என்று கணக்குப் பார்க்கலாம்.

ஆகவே மென்பொருள்தான் பழுது என்று உடனே முடிவெடுக்க வேண்டாம். பல தடவைகளில் அது கணினிக்குள் ஏற்கெனவே இருந்த பலவீனத்தை வெளியே காட்டுகிறது. மேடு ஏறும்போதுதான் சைக்கிளின் தேய்ந்த செயின் கழலும். நான் இதை உணராமல் மென்பொருளை மூன்று முறை அழித்து அழித்து நிறுவினேன். ஒவ்வொரு முறையும் கணினி விழுந்தது. அந்த நாட்களில் என் படங்களுக்கு நான் செய்துகொண்டிருந்த கேட்டைப் பிறகுதான் அறிந்தேன்.

முதல் வேலை: நிறுத்துங்கள்

கணினி இரண்டு முறை இப்படி விழுந்தால், மூன்றாம் முறை முயல வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளமும் கோப்புகளும் பழுதாகலாம். காரணம் தேடுவதற்கு முன்னர் படங்களைக் காப்பாற்ற வேண்டும்.

இங்கே பலர் விடும் பிழை ஒன்று உண்டு. நோயுள்ள அதே கணினியைக் கொண்டே பென் டிரைவுக்குப் பிரதி எடுப்பார்கள். றாம் பழுதாக இருந்தால் பிரதியாகும் ஒவ்வொரு கோப்பும் அந்தப் பழுதான நினைவகத்தினூடாகத்தான் போகும். கோப்பின் பெயர் சரியாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும். திறந்தால் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கும்.

அதனால் முடிந்தால் வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு, நலமாக இயங்கும் வேறு கணினி ஒன்றில் பொருத்திப் பிரதி எடுங்கள். இரண்டரை அங்குல வன்தட்டுக்கும் சிறிய எம்.2 எஸ்எஸ்டிக்கும் வேறு வேறு உறைகள் தேவை. அடியில் உள்ள திருகாணிகளைக் கழற்றப் பயமாக இருந்தால், தெரிந்த ஒருவரை முன்னால் இருத்திச் செய்விக்கலாம்.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். சில மடிக்கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையோடு ஒட்டியே வரும், கழற்ற முடியாது. புதிய வின்டோஸ் கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் பிட்லொக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். அதை வேறு கணினியில் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். கணினி இன்னும் திறக்கும் நிலையில் இருக்கும்போதே சாவியைத் தேடித் தாளில் எழுதி வையுங்கள்.

கழற்ற முடியாவிட்டால், புகைப்பட மென்பொருளைத் திறக்காமல், கணினி குளிர்ந்த நிலையில், சிறிது சிறிதாகப் பிரதி எடுங்கள். ஒவ்வொரு கோப்புறையும் முடிந்த பின் படங்களைப் பெரிதாகத் திறந்து பாருங்கள். சிறுபடத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். உள்ளே படம் சிதைந்திருந்தாலும் வெளியே பழைய சிறுபடம் அழகாகத் தெரியும்.

வன்தட்டே பழுதாகிக்கொண்டிருந்தால், “கட கட” என்ற சத்தம் வந்தால், அல்லது ஒரு கோப்புறையைத் திறக்கவே நிமிடக்கணக்கில் எடுத்தால், வன்தட்டைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளைகளை ஓட விடாதீர்கள். அந்தச் சோதனையே அதன் மிச்ச ஆயுளையும் தின்றுவிடலாம். முதலில் பிரதி எடுக்க வேண்டும். லினக்ஸில் உள்ள டிடி-ரெஸ்கியூ என்ற இலவசக் கருவி, வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். தெரிந்த ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

எப்படி விழுகிறது என்று பாருங்கள்

படங்கள் பத்திரமான பிறகு பழுதைத் தேடலாம். ‘கிராஷ்’ என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொன்னாலும் கணினி நான்கு விதமாக விழும்.

மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டு, கணினி தொடர்ந்து ஓடினால்: பழுதான ஒரு படம், குழம்பிய தரவுத்தளம், போதாத நினைவகம், அல்லது மென்பொருளின் சொந்தக் குறை.

நீலத்திரை வந்து கணினி திரும்பத் தொடங்கினால்: றாம், ட்ரைவர் எனப்படும் இயக்கிகள், அல்லது சேமிப்பகம். திரையில் வரும் ஆங்கிலச் சொற்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.

விளக்கை அணைத்தது போலச் சட்டென்று நின்றால்: சூடு, பற்றரி, சார்ஜர்.

எல்லாம் உறைந்து, சுட்டி கூட அசையாமல் நின்றால்: வன்தட்டு, நிரம்பிய நினைவகம், அல்லது வரைகலை இயக்கி.

இவை முடிந்த முடிவுகள் அல்ல. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று காட்டும் அடையாளங்கள்.

வின்டோஸ் தானே ஒரு நாட்குறிப்பும் வைத்திருக்கிறது. தேடல் பெட்டியில் ‘றிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு நாட்காட்டி திறக்கும். விழுந்த நாட்கள் சிவப்புக் குறியோடு இருக்கும். இன்னும் விபரம் வேண்டுமானால் ‘இவென்ட் வியூவர்’ என்பதைத் திறந்து ‘சிஸ்டம்’ பகுதியைப் பாருங்கள். ‘கேர்னல் பவர் 41’ என்ற பதிவைக் கண்டு பலர் மின்வழங்கியை மாற்றிவிடுவார்கள். கணினி ஒழுங்காக மூடப்படாமல் நின்று திரும்பத் தொடங்கியது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. அதே நேரத்துக்கு அருகில் ‘வியா லொகர்’ என்ற பெயரில் பதிவு இருந்தால், அது வன்பொருள் தந்த பிழை அறிக்கை. ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 ஆம் இலக்கப் பதிவு இருந்தால் சேமிப்பகத்தில் பழுதான பகுதி இருக்கிறது.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்

சூடு. எங்கள் காலநிலையில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். மெத்தையிலோ மடியிலோ வைத்து வேலை செய்தால் காற்றுப் போகும் வழி அடைபடும். செம்மண் புழுதி விசிறிக்கும் வெப்பக் கடத்திக்கும் இடையில் கம்பளி போலப் படிந்துவிடும். எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவசக் கருவியால் செயலியின் வெப்பநிலையைப் பார்க்கலாம். வேலை நேரத்தில் 80 பாகை செல்சியசை எட்டுவது மடிக்கணினிகளில் வழமைதான். 95, 100 ஐ நெருங்கினால் செயலி தன் வேகத்தைக் குறைக்கும். அதற்கு மேலும் ஏறினால் தன்னைக் காக்கத் தானே நின்றுவிடும். கணினியை முற்றாக அணைத்து, காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். சில வருடங்கள் பழகிய கணினியில் செயலியின் மேல் பூசிய வெப்பப் பசையும் காய்ந்திருக்கும். அதை மாற்றுவது சிறிய செலவு.

மின்சாரம். சார்ஜரில் எழுதியிருக்கும் வாற் அளவு, கணினி கேட்கும் அளவுக்குக் குறையக் கூடாது. மலிவான மாற்றுச் சார்ஜர்கள் பாரமான வேலையில் கைவிட்டுவிடும். பற்றரி வீங்கி, சுட்டிப் பலகை மேலே எழும்பி நின்றால் உடனே பாவனையை நிறுத்துங்கள். அது தீப்பற்றக்கூடியது. 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பற்றரி இல்லாத மடிக்கணினியில் படங்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தரவுத்தளம் குழம்பத்தான் செய்யும்.

இடம். சி டிரைவில் சில ஜிகாபைட் மட்டும் மிச்சம் இருந்தால், றாம் நிரம்பும்போது வின்டோஸ் பாவிக்கும் மாற்றிடமும் இருக்காது. குறைந்தது 20 ஜிகாபைட் காலியாக வைத்திருப்பது நல்லது.

நினைவகம். வின்டோஸ் தேடல் பெட்டியில் ‘மெமரி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ‘வின்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்’ வரும். அது இலகுவான சோதனை. இன்னும் கடுமையான சோதனைக்கு மெம்டெஸ்ட்86 என்ற கருவியை யூஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்க வேண்டும். இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த றாமை நம்பக் கூடாது. இரண்டு றாம் துண்டுகள் இருந்தால் ஒன்றைக் கழற்றி மற்றதைத் தனியே சோதியுங்கள்.

சேமிப்பகம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவி வன்தட்டின் உடல்நிலையைக் காட்டும். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். முதலாவது, பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள். அடுத்தது, வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். மூன்றாவது, திருத்த முடியாதவை. பூச்சியத்துக்கு மேல் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த வன்தட்டை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

வரைகலை. மென்பொருளின் அமைப்புகளில் வரைகலைச் செயலியைப் பாவிக்கும் தெரிவு இருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். லைட்ரூம் கிளாசிக் போன்றவற்றில் அந்தத் தெரிவு இருக்கிறது. நிறுத்தியதும் கணினி நின்று பிடித்தால், வரைகலை இயக்கியை மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துப் புதிதாக நிறுவுங்கள். எல்லாக் கருக்களையும் பாவிக்கும் தெரிவையும் நிறுத்தலாம். டிஜிகாமின் பராமரிப்புப் பகுதியில் அது உண்டு. வேலை மெதுவாக நடக்கும், ஆனால் பழைய கணினி தாக்குப்பிடிக்கும்.

தரவுத்தளமா, ஒரு படமா?

வன்பொருள் எல்லாம் நலமாக இருந்து மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டால் இரண்டு சந்தேகங்கள் மிஞ்சும்.

ஒன்று தரவுத்தளம். பெரும்பாலான வின்டோஸ் மென்பொருள்களில் படங்கள் உங்கள் கோப்புறைகளில்தான் இருக்கின்றன. மென்பொருள் வைத்திருப்பது நூலகத்தின் அட்டவணை போன்ற ஒன்று. எந்தப் படம் எங்கே இருக்கிறது, யாருடைய முகம், எந்த அல்பம் என்ற குறிப்புகள் அதில் இருக்கும். மென்பொருளை மூடிவிட்டு, அந்தத் தரவுத்தளக் கோப்பின் பெயரை மாற்றி வையுங்கள். அழிக்க வேண்டாம், நீங்கள் இட்ட பெயர்கள் அதற்குள்தான் இருக்கின்றன. பிறகு திறந்தால் மென்பொருள் புதிய அட்டவணையை உருவாக்கும். சில படங்களை மட்டும் ஏற்றிப் பாருங்கள். விழாமல் ஓடினால் பழைய அட்டவணை குழம்பியிருக்கிறது. முகில் சேமிப்போடு ஒத்திசையும் கோப்புறைக்குள் தரவுத்தளத்தை வைத்தாலும் இப்படிக் குழம்பலாம்.

அப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அதில் உள்ள ஃபோட்டோஸ் மென்பொருள் வழமையாக மூலப் படங்களையும் தன் நூலகப் பொதிக்குள்ளேயே வைத்திருக்கும். அந்தப் பொதியை அழித்தால் படங்களும் போய்விடும். முழுப் பொதியையும் வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுத்த பின், கொமாண்ட், ஒப்ஷன் ஆகிய இரு விசைகளையும் அழுத்தியபடி ஃபோட்டோஸைத் திறந்தால் நூலகத்தைத் திருத்தும் வாய்ப்பு வரும்.

மற்றது, பழுதான ஒரு தனிப்படம். எப்போதும் ஒரே இடத்தில் விழுந்தால் இதைச் சந்தேகியுங்கள். மூவாயிரம் படங்களில் அதை ஒவ்வொன்றாகத் தேடத் தேவையில்லை. பாதியை மட்டும் ஏற்றுங்கள். விழாவிட்டால் குற்றவாளி மற்றப் பாதியில். அதையும் பாதியாக்குங்கள். மூவாயிரம் படங்கள் இருந்தாலும் பன்னிரண்டு முறைக்குள் அந்த ஒன்று அகப்பட்டுவிடும்.

என் கணினியில் இருந்தது

இவையெல்லாம் தெரியாத காலத்தில் நான் கடை ஒன்றுக்குத்தான் கொண்டுபோனேன். அங்கே இருந்த தம்பி திறந்து பார்த்துவிட்டு, “அண்ணை, வின்டோஸ் பழுது. போர்மற் பண்ணினால் சரிவரும். பின்னேரம் வாங்கோ” என்றார். சரி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். சைக்கிளை எடுக்கும்போதுதான், படங்கள் எல்லாம் சி டிரைவிலேயே இருக்கின்றன என்ற நினைவு வந்தது. திரும்பி ஓடிப்போய் வாங்கி வந்தேன். அந்தத் தம்பியில் குற்றமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

பிறகு நண்பர் ஒருவரின் வீட்டில் வன்தட்டைக் கழற்றி, அவருடைய கணினியில் பிரதி எடுத்தோம். மெம்டெஸ்ட்86 ஐ இரவு ஓட விட்டோம். விடிய எழும்பிப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். முக அடையாளம் வேகமாக ஓட வேண்டும் என்று நானே ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட, பாவித்த 4 ஜிகாபைட் றாம் துண்டுதான் பழுது. அதைக் கழற்றியதும் கணினி விழுவது நின்றது.

அதோடு கதை முடியவில்லை. அந்த மென்பொருளில் நான் ஒரு தெரிவைப் போட்டு வைத்திருந்தேன்: முகத்துக்கு இடும் பெயரைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதும் தெரிவு. நல்ல தெரிவுதான். மென்பொருள் இல்லாமல் போனாலும் பெயர் படத்தோடு இருக்கும். ஆனால் பெயர் எழுதும் ஒவ்வொரு முறையும் கோப்பு முழுவதும் நினைவகத்தினூடாகப் போய்த் திரும்ப எழுதப்படும். பழுதான றாமோடு நான் பெயர் இட்ட படங்களில் 17 சிதைந்திருந்தன. யாருக்கு முதலில் பெயர் இட்டிருப்பேன்? வீட்டுக்கு நெருங்கியவர்களுக்குத்தான். அந்த 17 இல் 12 சின்னம்மாவின் பையிலிருந்து வந்தவை. பெரியவனின் படத்தில் நெற்றிக்குக் கீழே சாம்பல் நிறம்.

இதிலிருந்து ஒரு விதி: ஸ்கான் செய்த மூலக் கோப்புகளை ஒரு கோப்புறையில் போட்டுப் பூட்டி வையுங்கள். எந்த மென்பொருளும் அவற்றில் எழுத விடாதீர்கள். அடையாளப்படுத்துவது, வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் பிரதியில் மட்டும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

வீட்டில் தீராத பழுதுக்குக் கடைக்குத்தான் போக வேண்டும். அப்போது மூன்று விடயங்களைச் சொல்லுங்கள். எப்போது விழுகிறது, எப்படி விழுகிறது, உள்ளே இருப்பதை அழிக்கக் கூடாது. மூன்றாவதைத் தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிவிடுங்கள். கூடுமானால் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். றாம், விசிறி, சார்ஜர் சோதிக்க அது தேவையில்லை.

எங்கள் படங்களைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு குடும்பத்தின் படத்தொகுதியில் யார் யார் இருந்தார்கள், எங்கே நின்றார்கள், யாரோடு நின்றார்கள் என்பதெல்லாம் இருக்கும். முகங்களுக்குப் பெயரும் இட்டிருந்தால் அது முழுப் பட்டியல். யார் கைக்குப் போகலாம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இணையச் சேமிப்பில் ஏற்றுவதற்கு முன்னும் இதே கேள்வியைக் கேளுங்கள். கூகிள் கணக்கில் 15 ஜிகாபைட் இலவசம், மின்னஞ்சலும் அதற்குள்தான் அடங்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பகிர அது வசதி. அது ஒன்றையே நம்பி இருக்கவும் வேண்டாம். கடவுச்சொல் தெரிந்தவர் இல்லாமல் போனால் படமும் இல்லாமல் போகும்.

பாதுகாப்புக்கு எளிய கணக்கு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு வீட்டில். வெள்ளமும் தீயும் ஒரு வீட்டுக்குள் வந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் கொண்டுபோகும். வருடத்துக்கு ஒரு முறை பிரதிகளைத் திறந்து பாருங்கள். படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் ஸ்கான் செய்யுங்கள். திகதியும் ஸ்ரூடியோவின் முத்திரையும் அங்கேதான் இருக்கும்.

சின்னம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படம் பழுதாகிவிட்டது என்று சொல்லத்தான் போனேன். அவர் கேட்டுவிட்டு எழும்பி உள்ளே போனார். பாங்குப் புத்தகமும் பங்கீட்டு அட்டையும் வைத்திருக்கும் தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

“நீ தந்த வட்டு இருக்கு. என்னட்டைப் போட்டுப் பார்க்க ஒண்டுமில்லை. எண்டாலும் பிள்ளை இதுக்குள்ள இருக்கிறான் எண்டு நீ சொன்னனி. வெள்ளம் வரேக்க இந்தப் பெட்டியைத்தான் முதல் தூக்கினனான்.”

2017 இல் நான் எழுதிக் கொடுத்து, எழுதியதையே மறந்துபோன சிடி. சிடி வாசிக்கும் கருவியை இரண்டு வீடு தேடி இரவல் வாங்கினோம். 41 படங்களும் திறந்தன. மற்ற ஐந்தில் மூன்றை அதே வீடுகளுக்குப் போய்த் திரும்ப ஸ்கான் செய்தேன். இரண்டு கிடைக்கவில்லை. ஒன்று 1980களில் எடுத்த கலியாணப் படம். அதன் மூலப் படத்தை வைத்திருந்தவர் இறந்துவிட்டார், வீடும் கைமாறிவிட்டது. அந்தப் படத்தின் மேல்பாதியை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன்.

சிடியும் நிரந்தரம் அல்ல. இப்போது சின்னம்மாவின் படங்கள் என் கணினியில் ஒரு பிரதி, வெளி வன்தட்டில் ஒரு பிரதி, கனடாவில் இருக்கும் அவருடைய மகளிடம் ஒரு பிரதி. பெரியவனின் படத்தைப் புதிதாக அச்சடித்து லமினேற் செய்து கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டவர் வட்டைத் திருப்பிக் கேட்டார். தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.